கடவையில் நின்ற பாட்டு

டிலக்சனைக் காரோடு ரயில் அடித்த மறுநாள் நசுங்கிய இரும்பையெல்லாம் ஏற்றிக்கொண்டு போனார்கள். காரில் ஓடிய பாட்டு மட்டும் ரயில் கடவையிலேயே நின்றது. தன்னாமுனைக்கு அப்பால் வயல்பாதை தண்டவாளத்தைக் கடக்கும் அந்த இடத்தில் கேற்றும் இல்லை, காவலாளியும் இல்லை. முதல் கிழமை ஆட்கள் பயந்து சுற்றிப் போனார்கள். பிறகு மாடு சாய்த்து ஓட்டிப்போகிறவர்களும் சைக்கிள்காரரும் பாட்டுக்குள்ளாலேயே போய்வரப் பழகினார்கள். பாட்டு இருந்தால் இருக்கட்டும், அந்தக் கரகரப்பைத்தான் தாங்க முடியவில்லை என்றார்கள்.

கரகரப்பு எங்கிருந்து வந்தது என்று உதயரூபனுக்குத் தெரியும். அந்தக் காருக்கு ஸ்பீக்கர் பூட்டியவன் அவன்தான். "நெஞ்சு அதிரணும் மச்சான், இன்னும் கூட்டு" என்று டிலக்சன் ஒற்றைக்காலில் நின்றான். ஒலி உடைகிற எல்லை தெரிந்திருந்தும், கூட்டாளி கேட்கிறானே என்று அம்பிளிபயரின் திருகை அதற்கும் மேலே திருகிவிட்டான் உதயரூபன். விபத்துக்குப் பிறகு மூன்று மாதம் அவன் அந்தப் பக்கமே போகவில்லை. டிலக்சனின் தாய் பாலசுந்தரி அவனுடைய ஸ்பீக்கர் கடைக்கே தேடி வந்தாள்.

"அதுக்குள்ள என்ட புள்ள பாடுறான் மகன். சத்தம் உடைஞ்சி ஒண்டும் விளங்குதில்ல. சரிப்பண்ணித் தா."

காலை ரயில் கடந்ததும் இருவரும் போனார்கள். உதயரூபன் வெறும் வெளியில் கையை விட்டுத் துழாவியபோது, பின்சீட்டுக்கு அடியிலே இருந்திருக்க வேண்டிய உயரத்தில் திருகு விரலில் பட்டது. குறைத்தான். இரைச்சல் அடங்கியது. பேஸ் அதிர்வைத் தணித்தான். இடமும் வலமும் ஒத்துக் கேட்பது ஓட்டுபவரின் இருக்கையில் மட்டும்தான். ஆகவே அந்த இருக்கை இருந்திருக்க வேண்டிய இடத்தில், தண்டவாளங்களுக்கு நடுவே, பிளாஸ்டிக் கதிரை போட்டுப் பாலசுந்தரியை இருத்தி, அவள் காதுக்கு ஒவ்வொரு பக்கமாகச் சமன் செய்தான். பாட்டுக்குள்ளே டிலக்சன், சுருதி தப்பி, சந்தோசமாகப் பாடிக்கொண்டிருந்தான். பாலசுந்தரி சிரித்தாள். அப்போதுதான் பாட்டுக்கு அடியிலிருந்து ரயிலின் ஊதல் வந்தது. ஒருதரம். கிட்டத்தில் இன்னொருதரம். மூன்றாவது, நீளமாக. பிறகு பாட்டு முதலிலிருந்து தொடங்கியது.

அவள் அதை இன்னொருதரம் முழுக்கக் கேட்டாள்.

"இந்த அளவில வச்சிருந்தா கோச்சி ஊதினது அவனுக்குக் கேட்டிருக்கும், என்ன?"

"ஓம் அம்மா."

"அவன் கேட்டதத்தானே நீ செஞ்ச மகன்?"

"ஓம். செய்யக் கூடாதெண்டு எனக்குத் தெரியும்."

திருகுக்குப் பக்கத்தில் நிறுத்துகிற சுவிட்சும் தட்டுப்பட்டது. "நிப்பாட்டவா?" என்று கேட்டான்.

"வேணாம். புள்ள பாடட்டும்."

அவள் அவனை ஏசவுமில்லை, ஆறுதல் சொல்லவுமில்லை. கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு வரம்பில் இறங்கி நடந்தாள்.

பாட்டு இப்போதும் ஓடுகிறது. அந்த வழியால் போகிறவர்கள் ஊதல் கேட்டதும் நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, அது டிலக்சனுடைய ரயிலா, இன்றைய ரயிலா என்று நிச்சயப்படுத்திக்கொண்டு கடக்கிறார்கள். உதயரூபன் மட்டும் மூன்றாவது ஊதல் முடியும்வரை நின்றுவிட்டு, கடக்காமல் திரும்பிப் போகிறான்.