கசத்தின் கரையில் ஆவுடைத்தங்கம்

ஒரு கை மட்டும் நீருக்கு மேலே, கண்ணாடி வளையல் வெயிலில் மினுங்கி, விரல்கள் எதையோ தேடி விரிந்து, பிறகு அதுவும் இல்லை, அது தன் மகள் கோமுவின் கை என்று ஆவுடைத்தங்கத்துக்கு உறைப்பதற்குள் தாமிரபரணி ஒன்றுமே நடக்காததுபோல் ஓடிக்கொண்டிருந்தது, கோயில் கொடைத் திருவிழாவுக்கு முன்னால் பாய் அலச வந்தவர்கள், நழுவிப் போன பாயை எட்டிப் பிடிக்கப் போனவள் கசத்தில் கால் வைத்துவிட்டாள், மேலே பார்த்தால் முழங்கால் தண்ணீர், அடியில் ஆளை விழுங்கும் பள்ளம், இருபத்தாறு வருடத்துக்கு முன்பும் முழங்கால் தண்ணீராகத்தான் தெரிந்தது, தம்பி கந்தையா முங்க, பின்னாலேயே அப்பா குதிக்க, காப்பாற்ற வந்தவரின் கழுத்தைத் தம்பி பயத்தில் இறுக்கிக்கொள்ள, சாயங்காலம் இருவரையும் ஒன்றாகவே தூக்கிக் கரையில் கிடத்தினார்கள், பதினேழு வயதுக்காரி அந்தக் கைகளைப் பிரிக்க முடியாமல் நின்றாள், நிற்கிறாள், இதோ பக்கத்தில் குதிக்கப் போவது அப்பாவா, இல்லை, புருஷன் மாசானம், நீச்சல் தெரியாத மனுஷன், பாய்ந்து அவர் இடுப்பைக் கட்டிக்கொள்கிறாள், குதிக்காதிய, குதிக்காதிய, வுடுளா, எம் புள்ள போவுது, நீயெல்லாம் ஒரு தாயாளா என்று அவர் திமிற, கன்னத்தில் ஓங்கி ஒன்று வைத்தாள், கல்யாணமான இருபத்திரண்டு வருடத்தில் முதல் அடி, குதிச்சா ரெண்டு பொணம், எங்காலப் பிடிச்சுக்கிட்டு உக்காருங்க.

எத்தனை கனவில் இதைச் செய்து பார்த்திருக்கிறாள், ஒவ்வொரு கனவிலும் கயிறு எட்டாமல் விழித்திருக்கிறாள், இப்போது கை தானாகவே வேலை செய்கிறது, பாய் காயப்போடக் கட்டிய கொடிக்கயிற்றை அவிழ்த்து, குடிதண்ணீர் கேனைக் கவிழ்த்து, காற்று தள்ளாதிருக்க அடியில் கொஞ்சம் தண்ணீரை மட்டும் விட்டு, மூடியைத் திருகி, கைப்பிடியில் முடிச்சிட்டு, மாசானம் காலைப் பிடித்துக்கொள்ள, பாறையில் குப்புறப் படுத்து வீசுகிறாள், முதல் வீச்சு தள்ளி விழுந்தது, நீருக்குள்ளிருந்து எழும்பிய முகம் கந்தையாவின் முகம், கண்ணை இறுக மூடித் திறந்தாள், கோமுதான், இழுத்து மறுபடியும் வீசினாள், ஏளா கோமு, கேனை நெஞ்சோட அணைச்சுக்க, வேற ஒண்ணும் செய்யாத, அம்மா இழுக்கேன், கயிறு திடீரென்று கனத்தது, உள்ளங்கை உரிந்தது, அந்தக் கனத்தைப்போல ஒரு சுகத்தை அவள் வாழ்நாளில் அறிந்ததில்லை, கோமு பாறையில் கவிழ்ந்து குடித்த தண்ணீரையெல்லாம் கக்கி, எம்மா என்றாள்.

கொடை அன்று வீடு நிறைய ஆட்கள், மாசானம் தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டி, அன்னைக்கு இவ அடிக்கலைன்னா ரெண்டு படத்துக்கு மாலை போட்டிருப்பிய என்று வந்தவர்களிடமெல்லாம் அடிபட்ட பெருமையோடு சொல்லிக்கொண்டிருந்தார், மதினி மட்டும் முகவாயில் கை வைத்து, என்ன இருந்தாலும் பெத்தவ, பிள்ளை முங்கும்போது உன் வயிறு துடிக்கலியா தங்கம், எப்படிளா கரையிலேயே நின்ன என்றாள், கோமுகூடத் திரும்பிப் பார்த்தாள், ஆவுடைத்தங்கம் பரிமாறிய கரண்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள், துடிச்சுது மதினி, குதி குதின்னுதான் துடிச்சுது, நான்தான் விடல.