மூன்றாவது மாடி மூலை அறை

கல்லூரி மகளிர் விடுதியின் மூன்றாவது மாடி மூலை அறை, புதிதாக வந்த பெண்ணுக்கு அங்கே இடமில்லை என்று சொன்ன அன்றே ஒரு முழம் சுருங்கியது. சொன்னவர் விடுதிக் காப்பாளர் அம்மா. கட்டடத்துக்கு வயதாகிவிட்டது என்று அவர் எடுத்துக்கொண்டார். ஒரு பக்கம் பேருந்து நிலையம், மறுபக்கம் மருத்துவமனை. நடுவில் கல்லூரி மேலே மேலே வளர்ந்ததே தவிரப் பக்கவாட்டில் நகர வழியில்லை. அறைக்கு இரண்டு கட்டில், இரண்டு பேர் என்பது விதி. கல்லூரி முதல்வர் வற்புறுத்தியதால் காப்பாளர் மூன்றாமவளை வேண்டாவெறுப்பாக உள்ளே அனுப்பினார். அங்கே ஏற்கெனவே இருந்த இரண்டு மாணவிகள், கணக்குப் படிக்கும் கணக்குக்காரியும் உயரமான நெட்டைச்சியும், இரும்பு அலமாரியைக் குறுக்கே இழுத்துப் போட்டு, ஜன்னலோரத் துண்டு இடத்தை அவளுக்கு ஒதுக்கினார்கள். அவளோடு பேசவில்லை.

அறை தினமும் சுருங்கியது. ஒரு காலை அலமாரி இரு சுவர்களுக்கும் நடுவே இறுகிக்கொள்ள, அந்தப் பெண் அப்பால் சிக்கினாள். ஜன்னலில் கம்பி. வரவழைத்த பொறியாளர் சுவரைத் துளைக்கச் சொன்னார். இயந்திரம் உறுமியதும் சுவர்கள் இன்னும் நெருங்கின. கடப்பாரையோடு வந்த தச்சர், "இதுக்கு மேல கை வெச்சா புள்ள நசுங்கிடும்மா" என்று ஒதுங்கிக்கொண்டார். அலமாரிக்குப் பின்னால் மூச்சு இழுத்து இழுத்து வந்தது. காப்பாளர் தெரிந்த பிரார்த்தனையெல்லாம் சொன்னார், சுவர் அசையவில்லை.

நெட்டைச்சிதான் இடுக்கில் வாயை வைத்து, "தண்ணி வேணுமாடி?" என்றாள். வந்த நாளிலிருந்து அந்தப் பெண்ணிடம் ஒருவர் கேட்ட முதல் கேள்வி அது. பாட்டில் நுழையாததால் துண்டை நனைத்துச் செருகினாள். துண்டு மெல்ல உள்ளே போனது. சுவர் ஒரு விரற்கடை விலகியது. கணக்குக்காரி தன் தலையணையைத் திணித்தாள். ஒரு சாண் கிடைத்தது. அதோடு நின்றுவிட்டது. எல்லாரும் காப்பாளரைப் பார்த்தார்கள். பிரார்த்தனையில் தான் விட்டுவிட்டது எது என்று அவருக்குப் புரிந்தது.

"உன் முகத்தக்கூட பாக்காம இடமில்லைன்னுட்டேன்மா. தப்புதான். என் ரூமுக்கு வந்துடுறியா?"

அலமாரி தளர்ந்து சாய்ந்தது. வெளியே வந்த பெண் மூச்சு வாங்கிக்கொண்டு, "இங்கயே இருக்கேம்மா. இந்த அலமாரிய மட்டும் ஓரமா போடச் சொல்லுங்க" என்றாள்.

அதன்பின் இடம் கேட்டு வந்த யாரையும் காப்பாளர் திருப்பி அனுப்பவில்லை; அறையும் விரிவதை நிறுத்தவில்லை. இப்போது அதில் பதினொரு கட்டில்கள். தெருவிலிருந்து பார்த்தால் அதே பழைய மூலை அறைதான். வெளியளவு பார்த்து பெயின்ட் வாங்கி வருகிறவர்களுக்கு அது கால் சுவருக்குக்கூடப் போதுவதில்லை. ஒன்றும் கேட்காமல் திரும்பவும் கடைக்குப் போகிறார்கள்.