அருவிச் சத்தம் போட்ட மீன்தொட்டி

மேலகரத்தில் எங்கள் பக்கத்து வீட்டு முத்துச்செல்வத்தின் மீன்தொட்டி அன்றைக்கு இரைந்த இரைச்சலில், குற்றாலத்துக்குக் குளிக்க வந்த வேன்கள் நாலைந்தாவது எங்கள் தெருவுக்குள் திரும்பியிருக்கும். நான் எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வேன். ஆனால் தொட்டி கொதித்தது நிஜம்.

தொட்டி அவர் மனைவி வடிவம்மாளுடையது. கொல்லையில் தார்ப்பாயில் தொட்டி கட்டி, ஜிலேபி மீன் குஞ்சுகளை விட்டு, ஒவ்வொன்றையும் ஆட்டுக்குட்டி அளவுக்கு வளர்த்தாள். பங்குனியில் அவள் போய்விட்டாள். முத்துச்செல்வம் அழவில்லை. போலீசில் இருந்த மனிதர், பந்தலில் விறைப்பாக நின்றார். பந்தலைப் பிரித்த பிறகும் அப்படியேதான் நின்றார். சாப்பிட்டீரா என்றால் ஆச்சு என்பார். என்ன சாப்பிட்டீர் என்றால் யோசிப்பார். மீனுக்குத் தீனி போட மட்டும் தவறாமல் எழுந்தார். அதுவும் செத்துப்போனால் இந்த ஆள் எதற்கு எழுவார் என்பதுதான் எனக்கும் என் மனைவி சண்முகசுந்தரிக்கும் பயம்.

சத்தம் கேட்டு இருவரும் ஓடினோம். காற்றுக் குழாய்களின் நுனியில் வடிவம்மாள் மாட்டியிருந்த, பொடித் துளை போட்ட கற்களையெல்லாம் முத்துச்செல்வம் கழற்றி ஓரமாக வைத்திருந்தார். வெறும் குழாயிலிருந்து தேங்காய் தேங்காயாகக் குமிழி வந்துகொண்டிருந்தது.

“கல்லு வழியா பொடிசு பொடிசா வந்துச்சு அண்ணாச்சி. சத்தமே இல்ல. காத்து பத்தலன்னு காலையில கழத்திட்டேன். மீனெல்லாம் சந்தோசமா மேல வருது பாருங்க.”

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அருவிக்குப் பக்கத்தில் பிறந்தவர்கள் தண்ணீரைக் காதால்தான் எடைபோடுவோம்.

சண்முகசுந்தரி எட்டிப் பார்த்தாள். அத்தனை மீனும் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடின.

“சந்தோசம் இல்ல தம்பி, மூச்சுக்குத் தவிக்குது,” என்றாள். என் பக்கம் திரும்பினாள். “இரும்பாலையில காத்து ஊதியே கொழம்பு கிண்டுனேன்னு ஊரெல்லாம் அளப்பீகளே. இப்பம் வாயத் தொறங்க.”

உருகிய இரும்புக்குள் வாயு ஊதுவதுதான் எனக்கு வேலை. நான் கலக்கிய இரும்பை வைத்து மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வேலி போடலாம்.

“பெரிய குமிழி, விருந்துக்கு வந்து இலை போடுமுன்ன எந்திரிச்சு ஓடுத ஆளு வே,” என்றேன். “விருட்டுனு மேல வந்து வெடிச்சிரும். அதுக்குள்ள இருக்க காத்து அதோடயே போயிரும். பொடிசு மெதுவா ஏறும், தண்ணியத் தொட்டுத் தொட்டு ஏறும். தொட்டாத்தான காத்து கரையும். கல்ல மாட்டும்.”

ஒவ்வொன்றாக மாட்டினார். அவசரப்படவில்லை. முகத்திலும் ஒன்றுமில்லை. இரைச்சல் அடங்கி, தண்ணீர் சோடா மாதிரி லேசாகப் பொரிந்தது. நாலைந்து மீன்கள் வயிறு வெளுத்து மிதந்தன. மற்றவை கொஞ்சங்கொஞ்சமாகக் கலங்கலுக்குள் இறங்கி மறைந்தன.

“செத்துக் கீழ போச்சா, பொழச்சுக் கீழ போச்சா?” தென்காசி பஸ் எப்போது என்பதுபோலக் கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. கூட்டிச் சொல்லவும் எதுவும் அகப்படவில்லை.

அவர் குனிந்து தோள்வரை கையை விட்டார்.

“ஏதும் முட்டுதா வே?”

“முட்டுது.”

“சும்மா இடிக்கா, துள்ளுதா?”

கையை அங்குமிங்கும் துழாவினார். “துள்ளுது அண்ணாச்சி. நெறையத் துள்ளுது.”

“தம்பி, சட்டையெல்லாம் நனையுது,” என்றாள் சண்முகசுந்தரி.

“நனையுதா மதினி?” என்று கேட்டார். கையை எடுக்கவில்லை.