கண்ணில் வைத்த சந்தனம்

கரையான்சாவடிப் பொருட்காட்சித் திடலில், மிளகாய் பஜ்ஜிக் கடைக்கும் மரணக் கிணற்றுக்கும் நடுவே, தென்னை உயரத்தில் ஒரு விண்வெளி நிலையம் உண்டு. அதில் பணிபுரியும் ஒரே விண்வெளிப் பொறியாளன் நான். வெள்ளித் தாள்போல் பளபளக்கும் உடை, தலையில் கண்ணாடிக் கவசம், கவசத்துக்குள் நெற்றி நிறையத் திருநீறு. மூச்சுவிட்டால் நீறு உதிர்ந்து கண்ணாடியில் படியும். ஆகவே என் விண்வெளி எப்போதும் சற்று மங்கலாகவே இருக்கும்.

கவசத்தைக் கழற்றினால் நான் குமணன்சாவடி வேம்புலி. ஐடிஐயில் ஃபிட்டர் படித்து அப்ரண்டிஸாகச் சேர்ந்தவன். மாலை வேளைகளில் சிவன் கோயிலில் பதிகம் பாடுகிறவன். பாடுவதில் எனக்குள்ள தேர்ச்சியும் பழுது பார்ப்பதில் எனக்குள்ள தேர்ச்சியும் ஒரே அளவினவென்று நெடுநாள் நம்பியிருந்தேன். கோயிலில் என் பாட்டைக் கேட்டவர்களும் அப்படித்தான் சொல்வார்கள், வேறு பொருளில்.

நிலையம் என்பது பன்னிரண்டு பேர் அமரும் ஓர் உருளை. இரும்புக் கை ஒன்று அதை உயர்த்தும், சாய்க்கும், குலுக்கும். சன்னல் திரைகளில் விண்மீன்கள் ஓடும். பயணம் முடிந்ததும் உருளை மெல்ல இறங்கி மேடையில் அமரும். உள்ளே எழும் அலறல் வெளியே நாற்புறமும் கேட்கும்படி ஒலிபெருக்கி வைத்திருக்கிறார்கள். கூட்டம் சேர்க்க அதைவிட நல்ல விளம்பரம் இல்லையாம்.

தலைமை மெக்கானிக் ஜாஸ்லின் அக்கா ஆவடிக்காரி. என்னைவிடச் சில வயதே மூத்தவள். மறுநாள் ஓசூரில் இன்னொரு நிலையத்தைப் பொருத்தப் போகவிருந்தாள். அவள் போனபின் இந்த நிலையத்தின் சாவி என்னிடம் வருமா, அம்பத்தூரிலிருந்து வேறொரு மெக்கானிக் வருவாரா என்பது அவள் சொல்லில் இருந்தது. வேறொருவர் வந்தால் நான் வெள்ளி உடையில் குழந்தைகளுக்குக் கைகொடுத்தே மூப்படைய வேண்டியதுதான்.

"இன்னிக்கு ஃபர்ஸ்ட் ட்ரிப்பு நீயே ஓட்டு," என்றாள். "நான் கீழ நின்னுகினு பாப்பேன். வாயத் தொறக்க மாட்டேன். ஒழுங்கா எறக்கினா சாவி உன்னுது."

"சரிங்கக்கா."

"சரிங்கக்கான்னுட்டு மேல போய்ப் பாட ஆரம்பிச்சிடாத."

அன்று ஆயுத பூசை. அக்கா மாதா கோயிலுக்குப் போகிறவள். பூசையை என் பொறுப்பில் விட்டாள். "சாமி மேட்டர்ல நீதான் சீனியரு," என்றாள். பணியில் சேர்ந்தபின் என்னை யாரும் சீனியர் என்றதில்லை. அச்சொல் தலைக்கேறிவிட்டது. ஸ்பானர், சுத்தியல், திருப்புளி எல்லாவற்றையும் துடைத்துப் படையலில் அடுக்கினேன். கீழே இருப்பவரோடு பேச உதவும் வாக்கி-டாக்கியும் கருவிதானே என்று அதையும் அடுக்கினேன். படையலில் வைத்ததை மறுநாள் மறுபூசை முடியுமட்டும் எடுப்பதில்லை என்பது முறை. ஆனால் பூசையன்றே விடுமுறைக் கூட்டம் வரும், நிலையம் ஓடியே ஆக வேண்டும் என்றார் முதலாளி. நிலையம் கருவியன்று, கோயில். கோயிலுக்கு ஏது விடுப்பு என்று எனக்கு நானே தீர்ப்பு வழங்கிக்கொண்டேன்.

பிறகு சந்தனக் கிண்ணத்தோடு கிளம்பினேன். இரும்புக் கைக்கு, கதவுக்கு, இருக்கைகளுக்கு, தீயணைப்பு உருளைக்கு, ஒவ்வொன்றுக்கும் பொட்டு. மேடையின் இரு தூண்களிலும் நெற்றி இருக்கவேண்டிய உயரத்தில் காசளவு கருங்கண்ணாடி ஒன்று பதிந்திருந்தது. இறைவனே இடம் குறித்துக் கொடுத்தாற்போல் இருந்தது. அங்கே சற்று அதிகமாகவே குழைத்து வைத்தேன்.

முதல் பயணம் சிறப்பாகவே தொடங்கியது. உயர்ந்தோம், சாய்ந்தோம், குலுங்கினோம். வானகரத்திலிருந்து வந்த பேபி என்னும் அம்மாள் மகள் மதிவதனியை மடியில் வைத்துக்கொண்டு அலறிய அலறலில் கீழே வரிசை நீண்டது. இறக்கும் பொத்தானை அழுத்தினேன். நிலையம் இறங்கியது, மேடைக்கு ஓராள் உயரம் இருக்கும்போது நின்றது. என் முன்னிருந்த கட்டுப்பாட்டுப் பலகையில் சிவப்பெழுத்தில் "தடை" என்று வந்தது.

சன்னல் வழியே பார்த்தேன். மேடையில் ஒருவருமில்லை. மீண்டும் அழுத்தினேன். தடை.

"இன்னா அண்ணாத்தே, ட்ரிப்பு முடிஞ்சிச்சா?" என்றார் பேபி.

"இது விண்வெளியின் அமைதி, அம்மா. சற்றுப் பொறுங்கள்."

"அமைதியெல்லாம் வேணாம். பாப்பாக்கு ஒண்ணுக்கு வருதாம்."

கட்டுப்பாட்டுப் பலகையின் ஓரத்தில் 'பைபாஸ்' என்றொரு சுவிட்ச் உண்டு. கம்பி கோத்து ஈயத்தால் முத்திரையிட்டது. அதைத் திருப்பினால் எந்தத் தடையையும் பொருட்படுத்தாமல் நிலையம் இறங்கிவிடும். திருப்பினால் அப்போதைக்கு ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது, சாவியும் எனக்கே. கை அதன்மேல் போயிற்று. கம்பியைத் தொட்டேன். மேடையோரம் வரிசையில் நின்ற பிள்ளைகள் கம்பிவேலிக்குள் தலையை நுழைத்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவன் உள்ளே ஓடிவந்தாலும் அப்போது எந்திரம் நிற்காது. கையை எடுத்துக்கொண்டேன்.

அக்காவை அழைக்க இடுப்பைத் தடவினேன். வாக்கி-டாக்கி கீழே, சுண்டல் தட்டின் பக்கத்தில், மாலையோடு இருந்தது.

அச்சம் வந்தால் எனக்குப் பாட்டு வரும். வந்தது. உமையம்மை விளையாட்டாகப் பின்வந்து இறைவன் கண்களைப் பொத்த, உலகெல்லாம் இருண்டுபோன கதையைச் சொல்லும் ஒரு பாடல். உள்ளிருந்தவர்கள் இதுவும் நிகழ்ச்சியில் ஒன்றென எண்ணிக் கைதட்டினார்கள். பேபி தாளம்கூடப் போட்டார். கண்கள் மூடின, கதிர் ஒளிந்தது, திங்கள் ஒளிந்தது என்று உருகிப் பாடிக்கொண்டே வந்தவன் சட்டென்று நிறுத்தினேன்.

தூணிலிருந்த அந்தக் கருங்கண்ணாடிகள் சென்சார்கள். நிலையம் ஏறும்போது அவை உறங்கும், இறங்கும்போது விழித்து, மேடையில் ஆளோ பொருளோ உண்டா என்று பார்க்கும். தேர்வில் இதைப் படம் வரைந்து எழுதியவன் நான். அந்தக் கண்களைத்தான் அன்று காலை சந்தனத்தால் அப்பியிருந்தேன். உமையம்மையாவது விளையாட்டாகப் பொத்தினாள். நான் முழு பக்தியோடு பொத்தினேன்.

"இன்னா நிறுத்திட்ட? நல்லாத்தான கீது," என்றார் பின்வரிசை அண்ணன் ஒருவர்.

கீழே செய்தி சொல்ல ஒரே வழி அந்த ஒலிபெருக்கி. பஜ்ஜிக் கடை, மரணக் கிணறு, ராட்டினம், பஞ்சுமிட்டாய் வண்டி எல்லாம் கேட்கும்படிதான் சொல்ல வேண்டும். என் பாட்டையும் அவை கேட்டுக்கொண்டுதான் இருந்தன என்பது அப்போதுதான் உறைத்தது. மைக்கை வாயருகே இழுத்தேன்.

"ஜாஸ்லின் அக்கா அவர்களின் கவனத்திற்கு. மேடைத் தூண்களில் உள்ள இரு கண்களின்மீதும் சந்தனம் உள்ளது. வைத்தவன் நானே. அருள்கூர்ந்து துடைத்துவிட வேண்டுகிறேன். மேடைக்குள் வேறெவரும் வர வேண்டாம்."

மரணக் கிணற்றுப் பக்கமிருந்து சிரிப்பு கிளம்பிப் பஜ்ஜிக் கடை வரை பரவியது.

"துடைச்சிட்டு அப்படியே குங்குமமும் வெச்சிடவா நைனா?" என்று எவனோ கத்தினான்.

அக்கா வாய் திறக்கவில்லை. துப்பட்டா நுனியால் இரண்டு கண்ணையும் துடைத்தாள், மேடையை விட்டு விலகினாள், கட்டைவிரலைக் கீழ்நோக்கிக் காட்டினாள். அழுத்தினேன். சிவப்பெழுத்து மறைந்தது. நிலையம் அமர்ந்தது. கதவு திறந்ததும் மதிவதனி என் வெள்ளிக் காலில் மோதிக்கொண்டு முதல் ஆளாய் ஓடினாள்.

எல்லோரும் இறங்கியபின் அக்கா உள்ளே வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. நேரே பலகையருகே போய்க் குனிந்து, பைபாஸ் சுவிட்சின் ஈய முத்திரையை விரலால் தடவினாள். கம்பியை இழுத்துப் பார்த்தாள்.

"ஒடைக்கல," என்றாள்.

"தொட்டேன், அக்கா."

"யாருதான் தொடல." சாவிக்கொத்தைப் பலகைமேல் வைத்தாள். "நாளைக்கு மறுபூசையில கண்ணுக்கு மேல வை. கண்ணுல வைக்காத. ஊரே கேக்கறாப்பல இன்னொரு தபா மானத்த வாங்காத, நான் ஓசூர்ல இருந்தாலும் எனக்கு சேதி வரும்."

"உங்கள் துப்பட்டா…"

"சாமி சந்தனந்தான? இருக்கட்டும்."

சாவிக்கொத்தை எடுத்து இடுப்பில் மாட்டிக்கொண்டேன். மெக்கானிக் ஆனவுடன் தோளகன்று, குரல் தடித்து, நடை மாறும் என்று எண்ணியிருந்தேன். கவசத்துக்குள் திருநீறு வியர்வையில் கரைந்து மூக்கில் வழிந்ததைத் தவிர வேறு மாற்றமில்லை.

கீழிறங்கி, தூணின் கண் முன்னே கையை நீட்டினேன். உள்ளே ரிலே 'டிக்' என்றது. கையை எடுத்தேன், மீண்டும் 'டிக்'. எதிர்த் தூணிலும் அவ்வாறே பார்த்தேன். இத்தனை ஊன்றி எந்தப் பாட்டின் தாளத்தையும் நான் கேட்டதில்லை.

அடுத்த வரிசையின் தலையில் மனைவி மக்களோடு நின்றவர் வேலிக்கு மேலே எட்டிக் கேட்டார்.

"அண்ணாத்தே, அந்தப் பாட்டு இந்த ட்ரிப்புலயும் உண்டா? அதுக்கோசரம்தான் டிக்கெட் எடுத்தோம்."

"உண்டு," என்றேன். "இறங்கிய பிறகு."