ஏரி அலைக் கட்டுப்பாட்டு இயக்குநர்

ஜெயநகரில் அரசு அலுவலகங்களின் டைரக்டரி போடும் சின்னப் பதிப்பகத்தில் வைதேகிதான் தொகுப்பாசிரியர். அவள் நாயாய் அலைந்து சேர்த்ததையெல்லாம் போட்டிக்காரன் ஒருவன் நோகாமல் காப்பியடித்து விற்றுக்கொண்டிருந்தான். அவனைக் கையும் களவுமாகப் பிடிக்க, இல்லாத பதவி ஒன்றைப் புத்தகத்தில் சொருகினாள்: ஏரி அலைக் கட்டுப்பாட்டு இயக்குநர். முகவரிக்குத் தன் அறையையும், போனுக்குத் தன் மேஜை நம்பரையும் கொடுத்தாள்.

போட்டிக்காரன் அதையும் காப்பியடித்தான். ஆனால் கேஸ் போட வைதேகிக்கு நேரமில்லை. போன் ஓயவேயில்லை. ஏரிக்கரை அபார்ட்மெண்ட்காரர்கள், அலைச் சத்தத்தில் தூங்க முடியவில்லை என்று புகார் சொன்னார்கள்.

“அப்படி ஒரு ஆபீஸே கிடையாதுங்க.”

“புக்ல இருக்கே மேடம். ரெண்டு புக்லயும் இருக்கு.”

எரிச்சல் தாங்காமல் ஒருநாள், “சார் மீட்டிங்ல இருக்கார்” என்றாள். எதிர்முனை அடங்கி, நன்றி சொல்லி வைத்தது. அன்றிலிருந்து எல்லோருக்கும் அதே பதில்தான்.

போன வாரம் சஃபாரி சூட் போட்ட ஒருவர் வந்து, அரசு முத்திரை வைத்த டிரான்ஸ்ஃபர் ஆர்டரை நீட்டினார். “நான்தான் புது டைரக்டர். சார்ஜ் எடுக்க வந்திருக்கேன்.”

வைதேகி போட்டிக்காரனில் ஆரம்பித்து எல்லாவற்றையும் விளக்கினாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“அதெல்லாம் முந்தின டைரக்டர் காலத்துல நடந்தது மேடம்” என்று சொல்லிவிட்டு அவள் நாற்காலியில் உட்கார்ந்தார்.

போன் அடித்தது. அவர் எடுப்பதாக இல்லை. பழக்க தோஷத்தில் வைதேகியே எடுத்தாள்.

“சார் மீட்டிங்ல இருக்கார்.”

“குட். இப்படியே கன்டின்யூ பண்ணுங்க” என்றார் டைரக்டர்.