படம் வராத வீடு

முகப்பேரிலிருந்து கோவில்பதாகைக்கு வண்டியில் அரைமணி நேரம்தான். சிக்னலில் மாட்டினால் முக்கால். அந்தப் பயணத்துக்குச் சோம்பல்பட்டுத்தான் மைதிலி, கோவில்பதாகையில் அப்பா வீட்டுக் கூடத்தில் கேமரா மாட்டினாள். மாட்டும்போது அப்படியா சொல்வாள்? "உங்க பாதுகாப்புக்குப்பா" என்றாள். மனைவி போனபிறகு தனியாக இருந்த பாஸ்கரனும் நம்பினார்.

முதல் வாரமெல்லாம் ஆபீஸ் கேன்டீனில் உட்கார்ந்து, போனில் அப்பாவைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். அவர் பேப்பர் படிப்பார். கேமரா ஞாபகம் வந்தால் லுங்கியை இழுத்துச் சரிசெய்துகொள்வார். மானஸ்தர்.

ஒரே தொல்லை, சாயங்காலம் நடக்கக் கிளம்பும்போது மெயின் சுவிட்சை இறக்கிவிடுவார். ஆவடித் தொழிற்சாலையில் ஆயுசைக் கழித்தவர். கடைசியாக வெளியே போகிறவன் மெயினை இறக்க வேண்டும் என்பது அங்கே ஊறிய பழக்கம். குவார்ட்டர்ஸிலும் அப்படித்தான், சொந்த வீட்டிலும் அப்படித்தான். ஃபிரிட்ஜில் பால் கெடுகிறதே என்று அம்மா கடைசிவரை கத்திப் பார்த்தாள். நடக்கவில்லை.

"மெயினை எறக்கினா நெட்டும் போயிடும்ப்பா. எனக்குப் படமே வராது."

"ஆளில்லாத ஊட்டுல கேமரா எதைம்மா பாக்கப் போவுது? வந்ததும் போடறேன்."

மைதிலி விட்டுவிட்டாள். போகப்போக அதுவே வசதியாகவும் போயிற்று. போனில் 'ஆஃப்லைன்' என்று வந்தால் அப்பா காலாற நடக்கப் போயிருக்கிறார், நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம். கூப்பிட்டுப் பேசவேண்டிய வேலையும் மிச்சம். வாராவாரம் போய்க்கொண்டிருந்தவள், மாதத்துக்கு ஒருமுறை எட்டிப்பார்த்தாலே பெரிது என்றானாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமையும் சாயங்காலம் ஆஃப்லைன். ராத்திரி சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வந்து பார்த்தாள், அப்போதும் ஆஃப்லைன். மனசு கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. நெட் போயிருக்கும் என்று தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, போனைச் சார்ஜில் போட்டுவிட்டுப் படுத்துவிட்டாள். ஒரு போன் செய்திருக்கலாம், பாவி. செய்யவில்லை.

காலையில் பக்கத்து வீட்டு யூசுப் கூப்பிட்டார். அப்பாவோடு ஒன்றாக வேலை பார்த்தவர்.

"சீக்கிரம் வாம்மா. பால் பாக்கெட் வாசல்லயே கெடக்குதேன்னு கதவைத் தள்ளிக்கினு பூந்தேன். உங்க நைனா உள்ள உழுந்து கெடக்குறாரு. உசுரு கீது, பயப்படாத. ஆம்புலன்ஸுக்குச் சொல்லிட்டேன்."

மெயினை இறக்கிவிட்டு வாசலுக்கு வரும்போது இருட்டில் கால் இடறியிருக்கிறது. இடுப்பெலும்பு முறிந்து, எழுந்திருக்க முடியாமல், கதவுக்குப் பக்கத்திலேயே விடிய விடியக் கிடந்திருக்கிறார். பூட்டு கையிலேயே இருந்ததாம்; போன் எட்டாத தூரத்தில், கூடத்து மேஜைமேல்.

ஆஸ்பத்திரியில் மைதிலி அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். விழுந்தவர் அவர், தேறுதல் சொன்னதும் அவரே.

"எனக்குப் பயமே இல்லம்மா. படம் வரலைன்னா நீ சும்மா இருப்பியா? போன் அடிப்பே, நான் எடுக்கலைன்னா வண்டிய எடுத்துக்கினு வந்துடுவே. அந்தத் தெம்புலதான் படுத்துக்கினு இருந்தேன்."

மைதிலிக்கு அழுகைகூட நின்றுவிட்டது. எந்த இருட்டைப் பார்த்து அவள் நிம்மதியாகத் தூங்கினாளோ, அதை நம்பித்தான் அவர் அங்கே கிடந்திருக்கிறார்.

"நீ எப்பம்மா பாத்தே?" என்றார். சும்மாதான் கேட்டார்.

காலையில்தான் பார்த்தேன் என்று சொல்ல நாக்குவரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"நேத்து சாயங்காலமே பாத்தேம்ப்பா. படுக்கறதுக்கு முன்னாடியும் பாத்தேன்."

பாஸ்கரன் கையை விலக்கிக்கொள்ளவில்லை. திட்டுவார் என்று காத்திருந்தாள் மைதிலி. திட்டினால் தேவலை என்றிருந்தது.

"அந்நேரத்துக்கு ரோட்டுல டிராஃபிக்கா இருந்திருக்கும்" என்றார் அவர்.