ரிஸ்க் வேணாம்

"இது ரிஸ்க் சிப் உள்ள லெப்டொப்" என்று நுஸ்லா சொன்னதுதான் தாமதம், மிளகு வியாபாரி பதுர்தீன் ஹாஜியார் அதைத் தள்ளி வைத்தார்.

"ரிஸ்க் எடுக்குற வயசெல்லாம் போச்சு மகள். எனக்கு வேணாம்."

நுஸ்லாவுக்குச் சுருக்கென்றது. மாத்தளை டவுனில் பத்து வருஷமாகக் கம்பியூட்டர் கடை நடத்துகிறவள். அவள் விற்ற சாமானை ஒருவரும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை.

"அந்த ரிஸ்க் இல்ல ஹாஜியார், இது சிப்புட சாதி. உங்கட பழைய லெப்டொப் சிஸ்க். ஒரே கட்டளைக்குள்ள ஏழெட்டு வேலைய அடைச்சு வெச்சிருக்கும். அதப் பிரிச்சுச் செய்யறதுக்குள்ள சூடாகிப் போயிடும். ரிஸ்க்ல கட்டளையெல்லாம் சின்னச் சின்னது, மளமளன்னு முடிக்கும். கரண்டும் கொஞ்சந்தான் குடிக்கும். உங்கட பல்லேகம தோட்டத்துல காலைல தொறந்தா பின்னேரம் அஸர் தொழுகை வரைக்கும் சார்ஜ் நிக்கும்."

"மிளகு நிறுக்குற என்ட தராசுட புரோகிராம் இதுல வேல செய்யுமா?"

"செய்யாது. அந்தப் புரோகிராம் சிஸ்க்குக்கு எழுதினது. தராசுக்குப் பழசையே வெச்சுக்கோங்க."

ஒளிக்காமல் சொன்னது ஹாஜியாருக்குப் பிடித்தது. ஆனாலும், "பேர்தான் ஒரு மாதிரி..." என்று இழுத்தார்.

"தொழுதுட்டுக் கையேந்தி அல்லாஹ்கிட்ட என்ன கேக்குறீங்க?"

"வேறென்ன, பரக்கத்தான ரிஸ்க்..."

பாதியில் நிறுத்தினார். அன்றாடச் சோறு, பிழைப்பு என்ற பொருளில் தினம் ஐந்து வேளை அவர் வாயில் வருகிற அரபுச் சொல்லும் அதுதான்.

லெப்டொப்பை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"அஸ்தஃபிருல்லாஹ்! கேட்டத அனுப்பியிருக்கான், நான் வேணாம்னுட்டேனே."